நிப்பு, மை, தாள்: கோட்டோவியம் வரைவோரின் மேசைக்கு

தொட்டு வரையும் பேனாவைப் புதிதாகக் கையில் எடுப்பவர்கள் முதல் வாரத்திலேயே சொல்லும் குறை, "கை நடுங்குது, கோடு ஒழுங்கா வரல" என்பதுதான். கையைத் திட்டுவதற்கு முன் மேசையைப் பாருங்கள். நிப்பில் எண்ணெய் போகாமல் இருக்கும், மை கெட்டிப்பட்டிருக்கும், தாள் ஈரம் குடித்திருக்கும். இந்த மூன்றில் ஒன்று மக்கர் செய்தாலும் முப்பது வருஷப் பழக்கம் உள்ள கைகூடத் தடுமாறும். மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது கெடுத்தது என்று தெரியாமலே போய்விடும். ஆகவே ஒன்றை மாற்றிப் பத்துக் கோடு இழுத்துப் பாருங்கள், பிறகு அடுத்தது.

எந்த நிப்பு

கூர்முனை நிப்புகளில் நம் வேலைக்கு வருபவை இரண்டு வகை. முதலாவது, ஜப்பானில் மாங்கா என்னும் படக்கதை வரைபவர்கள் வைத்திருக்கும் ஜி நிப்பு. ஜீப்ரா, நிக்கோ, டச்சிகாவா என்று பல பெயர்களில் வருகிறது. நல்ல விறைப்பு. அழுத்தினால் திறக்கும், விட்டதும் பட்டென்று மூடும். இரண்டாவது, குழல் மாதிரி உருண்ட அடிப்பகுதி கொண்ட சின்ன நிப்புகள்: ஹண்ட் 102, கில்லட் 659, ஜப்பானிய மாரு. மயிரிழைக் கோட்டுக்கும் நெருக்கமான குறுக்குக் கோட்டு நிழலுக்கும் இவைதான்.

வாங்கும்போது ஏமாறும் இடம் ஹோல்டர், அதாவது நிப்பைச் செருகும் கைப்பிடி. ஜி நிப்பு சாதாரண ஹோல்டரில் உட்காரும். குழல் நிப்பு உட்காராது. அதற்கென்று மெல்லிய ஹோல்டர் தனியாக உண்டு, இரண்டையும் ஏற்கும் ஹோல்டரும் கிடைக்கிறது. ஆன்லைனில் நிப்பை மட்டும் வாங்கிவிட்டு, ஆடிக்கொண்டிருக்கும் நிப்போடு மல்லுக்கட்டாதீர்கள். ஹோல்டரில் நிப்பு துளி ஆடினாலும் கோடு ஆடும்.

தொடங்குபவர்களுக்கு எங்கள் பரிந்துரை: ஜி நிப்பு மூன்று, ஹோல்டர் ஒன்று. கில்லட் 303 அழகான நிப்புதான், ஆனால் ரொம்ப நெகிழ்வு. அழுத்தம் கைக்குப் பிடிபடும் முன்னரே அதன் இரு முட்களும், அதாவது பிளவுபட்ட முனையின் இரு பாதிகளும், விரிந்து போய்விடும்.

எண்ணெயை எடுப்பது

துருப் பிடிக்காமல் இருக்கப் புது நிப்பின்மேல் தொழிற்சாலையில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுத்திருப்பார்கள். அதோடு மையில் முக்கினால் வாழை இலையில் தண்ணீர் விட்டதுபோல மை முத்து முத்தாக உருளும். கோடு பாதியில் அறுந்து நிற்கும், இல்லாவிட்டால் மொத்த மையும் ஒரே சொட்டாகத் தாளில் விழும். புது நிப்பைப் பற்றி வரும் புகார்களில் பெரும்பாலானவை இந்தப் பூச்சால் வருபவைதான்.

வழி எளிது. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷில் மிளகளவு வெள்ளைப் பற்பசை எடுத்து, நிப்பின் உட்புறம் வெளிப்புறம் இரண்டையும் அடியிலிருந்து முனை நோக்கித் தேயுங்கள். முனையிலிருந்து அடிக்குத் தேய்த்தால் முட்கள் கோணிக்கொள்ளும். அரை நிமிடம் போதும். கழுவி உடனே துடைத்து, மையில் முக்கி எடுங்கள். உட்குழிவில் மை ஒரே சீரான படலமாகப் படிந்தால் பூச்சு போய்விட்டது. நடுவில் வெள்ளித் திட்டு தெரிந்தால் இன்னொரு முறை தேயுங்கள். உருளைக்கிழங்கில் பத்து நிமிடம் குத்தி வைப்பதும் உண்டு, அதுவும் வேலை செய்யும். மறந்துபோய் இரவு முழுக்க விட்டால் காலையில் துருப் பிடித்த நிப்புதான் மிஞ்சும். தீக்குச்சிச் சுடரில் காட்டும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். இரண்டு நொடி அதிகமானாலும் எஃகின் பதம் இறங்கிவிடும். அப்புறம் விரிந்த முள் மூடாது.

மை

கோட்டோவியத்துக்கு இந்தியன் இங்க். கரித்தூளும், அதைப் பிடித்து வைக்கும் அரக்கும் சேர்ந்தது. காய்ந்தபின் தண்ணீர் பட்டாலும் கலையாது, மேலே வாட்டர் கலர் ஓட்டலாம். அதே அரக்குதான் ஃபவுண்டன் பேனாவுக்கு எமன். உள்ளே காய்ந்து அடைத்தால் பேனாவைக் குப்பையில்தான் போட வேண்டும். ஜப்பானிய சுமி மை கொஞ்சம் வழவழப்பாக ஓடும், கருமையும் ஆழம். ஆனால் எல்லாச் சுமி மையும் தண்ணீரைத் தாங்குவதில்லை. மேலே வண்ணம் பூசுவதாக இருந்தால் துண்டுத் தாளில் ஒரு கோடு போட்டுக் காயவிட்டு, ஈரப் பிரஷ்ஷால் தேய்த்துப் பார்த்துவிட்டே தொடங்குங்கள்.

பாட்டிலில் நேரடியாக முக்காதீர்கள். பத்து மில்லி பிடிக்கும் அகன்ற வாய்ச் சின்னக் குப்பியில் அன்றைக்கு வேண்டியதை மட்டும் ஊற்றிக்கொள்ளுங்கள். மூடி திறந்து திறந்து பெரிய பாட்டில் மை கெட்டியாவதும், நிப்பிலிருந்து வரும் தாள் பஞ்சு அதில் சேர்வதும் இதனால் நிற்கும். பாட்டிலைக் குலுக்கவும் கூடாது. நுரை குமிழ்கள் நிப்பில் ஏறினால் கோட்டில் ஓட்டை விழும். ஒரு குச்சியால் அடியிலிருந்து மெதுவாகக் கலக்கினால் போதும்.

சித்திரை, வைகாசி வெயிலில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து வரைந்தால் குப்பி மை ஒரு மணி நேரத்திலேயே திக்காகத் தொடங்கும். அப்போது 10 மில்லிக்கு இரண்டு மூன்று சொட்டு டிஸ்டில்டு வாட்டர் விடுங்கள். பேட்டரிக்கு ஊற்றுவதற்கு விற்கும் அதே தண்ணீர்தான். ஆசிட் கலந்ததை எடுத்துவிடாமல் லேபிளைப் பாருங்கள். போர்வெல் தண்ணீர் வேண்டாம். அதில் உள்ள உப்பு, மையில் மிதக்கும் கரித்துகள்களைத் திரள வைக்கும். பால் திரிந்ததுபோல் அடியில் கட்டி தங்கும். இரண்டு கம்பெனி மைகளை ஒன்றாக ஊற்றினாலும் சில சமயம் இதே கதிதான். திரிந்த மையை வடிகட்டிப் பிழைக்க வைக்கப் பார்க்காதீர்கள், கொட்டிவிடுங்கள்.

மை நீர்த்துப்போய்த் தாளில் பரவினால் கம் அரபிக் ஒரு சொட்டு உதவும். பிசினேதான், கலர்க் கடையில் திரவமாகவே கிடைக்கிறது. 10 மில்லிக்கு இரண்டு சொட்டுக்குமேல் போகாதீர்கள். கூடினால் கோடு பளபளவென்று நிற்கும், மடிக்கும் இடத்தில் வெடிக்கும்.

முக்கி இழுப்பது

நிப்பின் நடுவில் ஒரு சின்ன ஓட்டை இருக்கிறதே, மை அதன் பாதி வரைக்கும் ஏறினால் போதும். அதற்குமேல் முக்கினால் மை ஹோல்டருக்குள் ஏறி அங்கேயே காய்ந்து நிப்பைப் பிடித்துக்கொள்ளும். எடுக்கும்போது உட்குழிவைக் குப்பியின் விளிம்பில் ஒரு தரம் தொட்டு வழியவிடுங்கள். முதல் கோடு எப்போதும் துண்டுத் தாளில்தான். ஓவியத்தில் விழும் மைப் பொட்டுகள் அநேகமாக முக்கியவுடன் போட்ட முதல் கோட்டில் விழுபவை.

ஹோல்டரைத் தாளுக்கு 45 பாகை சாய்வில் பிடியுங்கள். இரு முட்களும் தாளைச் சமமாகத் தொட வேண்டும்; நிப்பைத் திருகிப் பிடித்தால் ஒரு முள்மேல் பாரம் ஏறிக் கோட்டின் ஒரு ஓரம் பிசிறடிக்கும். உங்களை நோக்கி இழுக்கும்போது அழுத்தலாம். மேல்நோக்கித் தள்ளும்போது நிப்பின் எடை மட்டும் போதும். வளைவு எந்தப் பக்கம் போனாலும் கையைத் திருப்பாதீர்கள், தாளைத் திருப்புங்கள். அதனால்தான் நிப்பில் வரைபவர்கள் தாளை ஒட்டி வைப்பதில்லை.

ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் நிப்பை ஈரத் துணியில் துடைக்க வேண்டும், மை தீராவிட்டாலும். பழைய வேட்டித் துண்டு இதற்கு ரொம்பப் பொருத்தம், ஓரத்தை மடித்துத் தைத்துக்கொண்டால் நூல் பிரியாது. டவல் துணி ஆகாது, அதன் சுருள் நூலில் முட்கள் மாட்டிக்கொள்ளும்.

கோடு கெடும் விதங்கள்

அழுத்தி இழுக்கும்போது நடுவில் வெள்ளை விட்டு இரண்டு மெல்லிய கோடாகப் பிரிகிறதா? தண்டவாளம் போட்டதுபோல் இருக்கும். முட்கள் விரிந்த அகலத்தை நிரப்ப மை போதவில்லை என்று அர்த்தம். அதே இடத்தில் மெதுவாக இழுத்துப் பாருங்கள். சரியானால் வேகம்தான் காரணம். சரியாகவில்லை என்றால் மை கெட்டி, இல்லையேல் முக்கியது தீர்ந்துவிட்டது. புது மையிலும் மெதுவான கோட்டிலும் அது வந்தால் முட்கள் நிரந்தரமாக விரிந்துவிட்டன. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நடுப் பிளவில் ஒளி தெரியும். அந்த நிப்பை இனி மேகம் அடைப்பதற்கு வைத்துக்கொள்ளலாம், முகம் வரைய உதவாது.

நன்றாகப் போய்க்கொண்டிருந்த கோடு திடீரென்று தடித்து மசமசவென்று ஆனால் தாளின் நார் ஒன்று முட்களுக்கு நடுவே மாட்டியிருக்கிறது. ஊதினால் போகாது. மெல்லிய வழவழத் தாளின் ஓரத்தைப் பிளவுக்குள் கொடுத்து முனை வழியாக உருவி எடுங்கள். பிளேடு விடாதீர்கள்.

முதல் தொடுதலில் மை இறங்க மறுத்தால் முனையில் காய்ந்த துளி அடைத்திருக்கும். ஈரத் துணியில் முனையை ஒரு நொடி ஒற்றி எடுங்கள், இறங்கும். உதறுவது கெட்ட பழக்கம். உதறிய சொட்டு எங்கே போகும் என்று நமக்குத் தெரியும், முடித்து வைத்த பக்கத்துத் தாளுக்குத்தான்.

குறிப்பிட்ட ஒரு இடத்தில் மட்டும் மை ஒட்டாமல் விட்டு விட்டுப் போனால் அது கையின் வியர்வை எண்ணெய். உள்ளங்கைக்குக் கீழே ஒரு துண்டுத் தாள், அல்லது சுண்டு விரலையும் மோதிர விரலையும் மட்டும் மூடும் கையுறை. ஏற்கெனவே எண்ணெய் பட்ட இடத்தில் மெத்தென்ற ரப்பரை ஒற்றி எடுத்துவிட்டு வரையுங்கள்.

தாள்

பிரிஸ்டல் போர்டு, வழவழ முகம், 250 முதல் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்னும் எடை). இது கிடைத்தால் வேறு தேட வேண்டாம். ஐவரி அட்டை மலிவு, முகமும் வழவழப்பு. ஆனால் ஒரே இடத்தில் நாலு தரம் அழித்தால் மேல்தோல் எழும்பும். ஓவியப் பள்ளிகளில் புழங்கும் கார்ட்ரிஜ் தாள் பென்சிலுக்கு நல்லது, கூர் நிப்பு அதன் சொரசொரப்பில் குத்தி நாரைப் பிடுங்கும். கையால் செய்த தாளைப் பிரஷ்ஷுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மழைக்காலத்தில் தாள் வேறு ஆளாகிவிடும். காற்றின் ஈரத்தைக் குடித்துத் தளர்ந்திருக்கும் தாளில் மை நார் வழியே வேர் விட்டதுபோல் ஓடும். ஐப்பசி, கார்த்திகையில் சென்னை, கடலூர், நாகப்பட்டினம் பக்கம் வரைபவர்களுக்கு இது பழகிய தொல்லை. தாள் கட்டைப் பாலித்தீன் உறைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு படுக்க வைத்து வையுங்கள். சுவரில் சாய்த்து வைத்தால் வளையும். அவசரத்துக்கு, வரையப் போகும் தாளை ஹேர் டிரையரில் ஓரடி தள்ளிப் பிடித்து ஒரு நிமிடம் காட்டலாம்.

அளவு: அச்சாகப் போவது ஏ4 என்றால் வரைவது ஏ3. சுமார் 1.4 மடங்கு. குறுக்கும்போது கைப் பிசிறு மறையும், அது லாபம். நஷ்டம் என்னவென்றால் கோடுகளும் குறுகும். 0.2 மி.மீ. கோடு 0.14 ஆகும். குறுக்குக் கோட்டு நிழலில் 0.5 மி.மீ. இடைவெளி விட்டிருந்தால் 0.35 தான் மிஞ்சும், சாதாரணப் பத்திரிகைத் தாளில் மை ஊறி அந்த இடைவெளி கருப்பாக மூடிக்கொள்ளவும் கூடும். செய்தித்தாளுக்கு வரைபவர்கள் நிழல் கோடுகளைத் தாராளமாக விலக்கிப் போட வேண்டும். ஓவியர்கள் கோபுலு, சில்பி காலத்துப் பத்திரிகைகள் லெட்டர்பிரஸ்ஸில் அச்சாயின. கோட்டுச் சித்திரத்துக்கு துத்தநாகத் தகட்டில் லைன் பிளாக் என்னும் அச்சுக்கட்டை எடுப்பார்கள். அதில் கருப்பு அல்லது வெள்ளை, நடுவே சாம்பல் கிடையாது. நிழல் முழுக்கக் கோட்டின் இடைவெளியில்தான் காட்ட வேண்டும். அந்தப் பழைய இதழ்களின் பக்கங்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் இடைவெளிக் கணக்கு தானாகப் பிடிபடும்.

பிரஷ்

கருப்பை அடைக்க, கூந்தல், மரக்கிளை, துணி மடிப்பு ஆகியவற்றுக்கு உருண்டைப் பிரஷ் 2-ஆம் எண்ணும் 4-ஆம் எண்ணும் போதும். இந்த வேலையில் பெரிய பெயர் வின்சர் அண்ட் நியூட்டனின் சீரிஸ் 7. விக்டோரியா மகாராணிக்காக 1866-இல் செய்யத் தொடங்கியது, கோலின்ஸ்கி மரநாய் முடி. விலையும் மகாராணிக்கு ஏற்றதுதான். நல்ல சிந்தெடிக் பிரஷ் ஐந்தில் ஒரு பங்கு விலைக்குள் கிடைக்கும். ஆறு மாதத்தில் முனை கொக்கியாக வளையும், அப்போது மாற்றிக்கொள்ளுங்கள். சில கடைகளில் ரகசியமாகக் கீரி முடி பிரஷ் நீட்டுவார்கள். வாங்காதீர்கள். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதை விற்பதே குற்றம்.

கடையிலேயே சோதிக்கலாம். தண்ணீரில் நனைத்து ஒரு உதறு உதறுங்கள். முடி தானாக ஒரே கூராகச் சேர வேண்டும். இரண்டாகப் பிரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அது வீட்டுக்கு வந்து திருந்தாது.

பிரஷ்ஷைக் கொல்வது மை முடியின் அடிக்கு, அதாவது உலோகக் கழுத்துக்குள் ஏறிக் காய்வது. அங்கே அரக்கு இறுகினால் முடிகள் விசிறிபோல் விரியும். முடியின் பாதிக்குமேல் முக்காதீர்கள். முக்குவதற்கு முன் தண்ணீரில் நனைத்து ஒற்றிக்கொண்டால் மை மேலே ஏறுவது குறையும். பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் அலசுங்கள். வேலை முடிந்ததும் குளியல் சோப்பில் வட்டமாகத் தேய்த்து, நுரை வெள்ளையாகும்வரை கழுவி, விரலால் கூராக்கிப் படுக்க வைத்துக் காய விடுங்கள். தலைகீழாகத் தண்ணீர் டம்ளரில் நிற்கவிட்டால் ஒரே இரவில் முனை போய்விடும்.

தமிழ் எழுத்துக்கு

கதைத் தலைப்பைக் கையால் எழுதுபவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. கூர் நிப்பு இழுப்பதற்கென்றே பிறந்தது. ண, ன, ழ, ஜ போன்ற எழுத்துகளின் சுழி, மேலேயும் இடப்பக்கமும் தள்ளிக்கொண்டுதான் போகும்; ஒரே இழுப்பில் எழுதினால் சுழியின் ஏறுமுகத்தில் நிப்பு தாளில் குத்தி மை தெறிக்கும். இரண்டு வழி உண்டு. சுழியை இரண்டாகப் பிரித்து, உச்சியில் தொடங்கி இடமாக ஒரு இறக்கம், வலமாக ஒரு இறக்கம் என்று எழுதலாம். இல்லையென்றால் வட்டத் தட்டு முனை கொண்ட ஸ்பீட்பால் பி வரிசை நிப்பை எடுங்கள். எந்தத் திசையிலும் ஒரே தடிமனில் ஓடும், சுழிக்கு அதைவிடச் சுகமான கருவி இல்லை. தடித்து மெலியும் எழுத்து வேண்டுமென்றால் பிரஷ்தான்.

ஃபைன்லைனர்

கட்டம், கட்டடம், வண்டி வாகனம் போன்ற ஒரே தடிமன் வேலைக்குப் பிக்மா மைக்ரான் மாதிரி பேனா. மேலே இருக்கும் எண் மில்லிமீட்டர் அல்ல என்பதை நினைவில் வையுங்கள்: 005 என்பது 0.20 மி.மீ., 01 என்பது 0.25, 03 என்பது 0.35, 05 என்பது 0.45, 08 என்பது 0.50. பிளாஸ்டிக் முனை சொரசொரத் தாளில் சீக்கிரம் தேயும், அழுத்தினால் உள்ளே போய்விடும். ராட்ரிங் டெக்னிக்கல் பேனா வைத்திருப்பவர்கள் அதைச் செங்குத்தாகப் பிடியுங்கள், 0.2-க்குக் கீழான அளவுகளில் உள்ளே இருக்கும் கம்பியை வெளியே உருவிச் சுத்தம் செய்யப் போகாதீர்கள், திரும்ப நுழைக்கும்போது வளைந்துவிடும்.

அழிப்பது, திருத்துவது, ஸ்கேன்

அடிப்படம் 2எச் பென்சிலில், மெல்ல. 4எச் தாளில் பள்ளம் பறிக்கும், அந்தப் பள்ளத்தில் மை தேங்கும். மை போட்டு முடித்தபின் வெயில் நாளில் அரை மணி, மழை நாளில் ஒரு இரவு பொறுத்துத்தான் ரப்பர். அடர்கருப்பு உள்ள இடத்தில் புறங்கையை வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம். ரப்பர் பென்சிலோடு மையின் கருமையிலும் கொஞ்சம் எடுத்துக்கொண்டுதான் போகும், ஆகவே தேய்ப்பதைவிடப் பிசைந்து ஒற்றும் ரப்பர் மேல்.

திருத்தத்துக்கு வெள்ளைக் குவாஷ் (அடியில் உள்ளதை மறைக்கும் நீர்வண்ணம்), தயிர்ப் பதத்தில், சிந்தெடிக் பிரஷ்ஷால் மெல்லிய இரண்டு பூச்சு. அலுவலக ஒயிட்னர் மேடு கட்டும், அதன்மேல் நிப்பு ஓடாது. நல்ல பிரிஸ்டல் போர்டில் சின்னப் பிசிறுகளை 11-ஆம் எண் சர்ஜிக்கல் பிளேடால் படுக்கையாகச் சுரண்டி எடுத்துவிடலாம். சுரண்டிய இடத்தில் ஒரு தாளை வைத்து ஸ்பூனின் முதுகால் அழுத்தித் தேய்த்தால் நார் படியும், மறுபடி மை வாங்கும்.

ஸ்கேன் 600 டிபிஐ, கிரேஸ்கேல். ஏ3-இல் வரைந்து ஏ4-க்குக் குறுக்கினால் அதுவே சுமார் 850 ஆகிவிடும், கோட்டுப் படத்துக்குத் தாராளம். ஸ்கேனரின் தானியங்கிக் கருப்பு-வெள்ளை முறையை நம்பாதீர்கள். மெல்லிய கோடுகளை அது தின்றுவிடும். கிரேஸ்கேலில் எடுத்து, படம் திருத்தும் மென்பொருளின் லெவல்ஸில் தாளின் நிறம் சுத்த வெள்ளையாகும்வரை ஒரு முனையையும், மையின் சாம்பல் போகும்வரை மறு முனையையும் நகர்த்துங்கள். எல்லாவற்றையும் சுத்தக் கருப்பு, வெள்ளை என்று பிரிக்கும் த்ரெஷோல்டு கடைசியில். 200 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, படத்தின் மிக மெல்லிய கோடு எது என்று தேடி, அது அறுபடாத அளவில் நிறுத்துங்கள். சேமிப்பது டிஃப் ஆக. ஜேபெக் கோட்டின் ஓரமெல்லாம் அழுக்குத் துகள் தூவும், பெரிதாக்கினால் பளிச்சென்று தெரியும்.

ஹோல்டரில் நிப்பு இன்னும் இருக்கும். கழற்றுங்கள். கழுவி, துடைத்து, ஹோல்டரின் வாயையும் துடைத்து, இரண்டையும் தனித்தனியாக மூடியுள்ள டப்பாவில் போடுங்கள், ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு. கடற்கரை ஊர்களில் மேசைமேல் விட்ட நிப்பு இரண்டே நாளில் முனையில் பழுப்பேறும்.